கண்மாய்க் கரையிலிருந்து வீட்டுக்கு: வயர்லெஸ் தகவல் தொலையாமல் வந்து சேர்வது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மேலூர், வாடிப்பட்டி, உசிலம்பட்டிப் பக்கம் கண்மாய்களில் நீர்மட்டம் அளக்கும் வயர்லெஸ் பெட்டிகளை மாட்டிக்கொடுப்பது என் வேலை. சனிக்கிழமைகளில் மதுரையில் பாலிடெக்னிக், இன்ஜினியரிங் பிள்ளைகளுக்கு ப்ராஜெக்ட் சொல்லிக்கொடுக்கிறேன். கரையில் நிற்கும் விவசாயிகளும் வகுப்பில் உட்காரும் பிள்ளைகளும் கேட்பது ஏறக்குறைய ஒரே சந்தேகங்களைத்தான். அவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை இங்கே எழுதியிருக்கிறேன். பதில்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு போவதால் முதல் தடவை மேலிருந்து வரிசையாகப் படித்துவிடுங்கள்.

அக்கா, கோடிங்னா பைத்தான்ல எழுதுறதுதானே? அதுக்கும் வயர்லெஸ்ஸுக்கும் என்ன சம்பந்தம்?

இது நிரல் எழுதும் கோடிங் இல்லை. அனுப்ப வேண்டிய தகவலிலிருந்தே கணக்குப் போட்டு எடுத்த கூடுதல் பிட்டுகளை (0, 1 என்ற இலக்கங்களை) அதனோடு சேர்த்து அனுப்பும் முறை. வழியில் கொஞ்சம் கெட்டுப்போனாலும், கொஞ்சம் விட்டுப்போனாலும், வாங்குகிறவர் அந்தக் கூடுதலை வைத்து முழுவதையும் மீட்டுவிடலாம். தமிழில் குறிமுறை என்பார்கள். நான் இரண்டு பெயரையும் சொல்வேன்.

ரகசியமாக்குவதும் இது இல்லை. ரகசியக் குறியீடு மூன்றாவது ஆளுக்குப் புரியக் கூடாது என்று போடுவது. குறிமுறை, எதிர்முனையில் இருப்பவருக்கு எப்படியாவது புரிந்தாக வேண்டும் என்று போடுவது. கோப்பைச் சுருக்கும் ஜிப்புக்கு இது நேர் எதிர். ஜிப் மிகையை எடுத்துப்போடும், இது மிகையை அளந்து சேர்க்கும்.

போன்ல கட்டை ஃபுல்லா காட்டுது. பெறகு ஏன் டேட்டா விட்டு விட்டு வருது?

கட்டைகள் காட்டுவது பெரும்பாலும் சிக்னலின் பலத்தை. மாசி வீதியில் ஒரு கடைக்காரர் எவ்வளவு சத்தமாகக் கூப்பிட்டாலும், பக்கத்திலேயே ஒலிபெருக்கி அலறினால் பெயர் காதில் விழாது. பலத்தோடு இரைச்சலையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இன்னொரு காரணமும் உண்டு. ஒரே அலை நேராகவும் வரும், சுவரிலோ தண்ணீர்ப் பரப்பிலோ பட்டுத் தெறித்தும் வரும். இரண்டும் எதிரும் புதிருமாகச் சேர்ந்தால் ஒன்றையொன்று அழித்துவிடும். கண்மாய் வறண்டு கிடந்தபோது சுத்தமாக வந்த இணைப்பு, ஐப்பசி மழையில் நிறைந்த பிறகு தடுமாறியதைப் பார்த்திருக்கிறேன். பெட்டி, ஆண்டெனா எதுவும் மாறவில்லை. நடுவில் தண்ணீர் வந்தது, அவ்வளவுதான்.

கூடுதலா ஏதோ சேத்து அனுப்புனா, தொலைஞ்சது எப்பிடித் திரும்பி வரும்? அதான் தொலைஞ்சிருச்சே?

மூன்று அளவுகளை அனுப்புகிறோம் என்று வையுங்கள்: 142, 138, 135 செ.மீ. நான்காவதாக இவற்றின் கூட்டுத்தொகை 415-ஐயும் அனுப்புகிறோம். இரண்டாவது வந்து சேரவில்லை. 415-லிருந்து 142-ஐயும் 135-ஐயும் கழித்தால் 138. தொலைந்தது முதலாவதாக இருந்தாலும் மூன்றாவதாக இருந்தாலும் இதே கழித்தல்தான். எது தொலையும் என்று முன்கூட்டித் தெரியாமலேயே, எது தொலைந்தாலும் ஈடுகட்டும் ஒன்றை அனுப்பியிருக்கிறோம். குறிமுறையின் உயிர் இங்கேதான் இருக்கிறது.

கணினி கூட்டலுக்குப் பதில் எக்ஸ்ஓஆர் செய்யும். இரண்டு பிட்டுகள் ஒன்றுபோல இருந்தால் 0, வேறாக இருந்தால் 1. கூட்டல்போல எண் பெருத்துக்கொண்டே போகாது என்பது இதில் வசதி.

நம் மொழிக்கு இது புதிதல்ல. அந்தாதியில் ஒரு பாட்டு முடியும் சொல்லில்தான் அடுத்த பாட்டு தொடங்கும். ஏட்டின் ஓரம் செல்லரித்து ஒரு பாட்டின் கடைசிச் சொல் போய்விட்டாலும் அடுத்த பாட்டின் முதல் சொல் அதைக் காட்டிக்கொடுக்கும். ஏடுகள் முன்பின்னாகக் கலைந்தாலும் வரிசையை மீட்டுவிடலாம். ஒரே செய்தியை இரண்டு இடத்தில் கட்டிவைப்பதால் கிடைக்கும் பாதுகாப்பு அது.

தப்பு இருக்குன்னு கண்டுபிடிக்கிறதும் தப்பைத் திருத்துறதும் ஒண்ணுதானே?

இல்லை. ஆதார் எண்ணின் 12 இலக்கங்களில் கடைசி இலக்கம் மற்ற 11-லிருந்து கணக்கிட்டு எடுத்தது. வெர்ஹூஃப் முறை என்று பெயர். ஒரு இலக்கத்தை மாற்றி அடித்தாலும், பக்கத்துப் பக்கத்து இலக்கங்களை இடம் மாற்றி அடித்தாலும் எண் தவறு என்று கம்ப்யூட்டர் சொல்லிவிடும். எந்த இலக்கம் தவறு என்று சொல்லாது. அது கண்டுபிடிப்பு மட்டும். வைஃபையில் ஒரு தடவையில் அனுப்பும் தகவல் பொட்டலத்துக்குப் பாக்கெட் என்று பெயர். அதன் வாலில் இருக்கும் 32 பிட் சோதனையும் அதே வகைதான். எங்கே தவறு என்று காட்டிக் கொடுக்க இன்னும் கொஞ்சம் கூடுதல் வேண்டும்.

அந்த ஹேமிங் கோட் எப்பிடி வேலை செய்யுதுன்னு ஒரு தடவை போட்டுக் காட்டுங்கக்கா.

அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ரிச்சர்ட் ஹேமிங் பயன்படுத்திய ரிலே (மின்காந்த சுவிட்ச்) கணினி, பிழை வந்தால் கண்டுபிடிக்கும், ஆனால் வேலையைப் பாதியில் விட்டுவிடும். வார இறுதியில் அவர் போட்டுவிட்டுப் போன கணக்குகள் திங்கட்கிழமை முடியாமல் கிடக்கும். அந்த எரிச்சலில் பிறந்தது இந்த முறை. 1950-ல் வெளியிட்டார். தரவு 4 பிட், சோதனை 3 பிட், மொத்தம் 7.

1011 என்பதை அனுப்புவோம். இடங்கள் 1 முதல் 7 வரை. 1, 2, 4 ஆகிய இடங்கள் சோதனை பிட்டுகளுக்கு. தரவு 3, 5, 6, 7-ஆம் இடங்களில் 1, 0, 1, 1 என்று உட்காரும். முதல் சோதனை 1, 3, 5, 7-ஆம் இடங்களையும், இரண்டாவது 2, 3, 6, 7-ஐயும், மூன்றாவது 4, 5, 6, 7-ஐயும் பார்க்கும். ஒவ்வொரு கூட்டத்திலும் 1-களின் எண்ணிக்கை இரட்டைப்படையாக வர வேண்டும். அப்படிப் போட்டால் 0110011 கிடைக்கும்.

வழியில் ஐந்தாவது பிட் புரண்டு 0110111 என்று வந்தது. முதல் கூட்டத்தில் மூன்று 1-கள், ஒற்றைப்படை, தவறு. இரண்டாவதில் நான்கு, சரி. மூன்றாவதில் மூன்று, தவறு. முதல் சோதனையின் மதிப்பு 1, மூன்றாவதன் மதிப்பு 4. கூட்டினால் 5. தவறு ஐந்தாம் இடத்தில். அதைத் திருப்பிப்போட்டால் அனுப்பியது அப்படியே கிடைத்துவிடும். நோட்டில் வேறு ஒரு பிட்டைக் கெடுத்து நீங்களே போட்டுப் பாருங்கள். சோதனை பிட்டே கெட்டாலும் விடை வரும். இரண்டு பிட் கெட்டால் மட்டும் இது தவறான இடத்தைக் காட்டும். அதை மறக்க வேண்டாம்.

விட்டுப்போறது, தப்பா வர்றது, ரெண்டும் நஷ்டம்தானே? ஏன் பிரிச்சுப் பேசுறீங்க?

மதுரையில் ஓலைச்சுவடி தெரிந்தவர் யாரையாவது கேளுங்கள். ஏட்டில் ஓட்டை விழுந்திருந்தால் எந்த எழுத்து போனது என்று கண்ணால் பார்க்கலாம். பெயர்த்து எழுதியவர் தவறாக எழுதியிருந்தால் எங்கே தவறு என்பதே தெரியாது. எல்லா எழுத்தையும் சந்தேகப்பட வேண்டும். இரண்டாவது எத்தனையோ மடங்கு கடினம்.

ரீட்–சாலமன் முறையை நேர்கோட்டை வைத்து விளக்கலாம். 3, 5 என்ற இரண்டு எண்களை அனுப்ப வேண்டும். ‘3 பெருக்கல் இடம், கூட்டல் 5’ என்று ஒரு கோடு போட்டு, 1, 2, 3, 4 ஆகிய இடங்களில் அதன் மதிப்புகள் 8, 11, 14, 17-ஐ அனுப்புகிறோம். எந்த இரண்டு தொலைந்தாலும் மீதி இரண்டு புள்ளிகளை இணைத்துக் கோட்டை வரைந்துவிடலாம். ஆனால் ஒன்றுமே தொலையாமல், 14 மட்டும் 15 என்று தவறாக வந்தால்? மற்ற மூன்றும் ஒரே கோட்டில் நிற்கும், 15 விலகி நிற்கும், பிடித்துவிடலாம். இரண்டு புள்ளிகள் தவறாக வந்தால் பிடிக்க முடியாது. அதாவது அதே இரண்டு கூடுதல் எண்கள், விட்டுப்போனது என்றால் இரண்டை மீட்கும், தப்பாக வந்தது என்றால் ஒன்றைத்தான் திருத்தும்.

1960-ல் இர்விங் ரீடும் கஸ்டவ் சாலமனும் எழுதியது இந்த முறை. அசலில் கோட்டுக்குப் பதில் உயர்படிப் பல்லுறுப்புக் கோவை இருக்கும், எண்கள் ஒரு பைட் (8 பிட்) அளவுக்குள் சுற்றிவரும். கருத்து இதுதான். வாயேஜர் 2 விண்கலம் 1986-ல் யுரேனஸிலிருந்து படம் அனுப்பியதும் இதன் துணையோடுதான்.

மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்ல க்யூஆர் ஸ்டிக்கர் கிழிஞ்சு, தண்ணி பட்டுக் கெடக்கு. ஸ்கேன் மட்டும் ஆயிருது. எப்பிடி?

மேலே சொன்ன ரீட்–சாலமன்தான். க்யூஆரில் நான்கு நிலைகள் உண்டு: ஏறத்தாழ 7, 15, 25, 30 சதவீதம் சேதம் வரை மீட்கலாம். ஆனால் மூன்று மூலையில் இருக்கும் பெரிய சதுரங்கள் கிழிந்தால் படம் எங்கே தொடங்குகிறது என்றே போனுக்குத் தெரியாது. இந்த மூலைச் சதுர விஷயத்தை நினைவில் வையுங்கள், குறைந்த மின்சாரத்தில் நெடுந்தூரம் போகும் லோரா வயர்லெஸ் பற்றிய கேள்வியில் திரும்ப வரும்.

வரலைன்னா ‘திரும்ப அனுப்பு’ன்னு கேட்டா போச்சு. எதுக்கு இம்புட்டுக் கணக்கு?

கேட்கலாம். ஒருவருக்கொருவர் பேசும் இணைப்பில், எப்போதாவது ஒன்று தொலையும் இடத்தில், திரும்பக் கேட்பதுதான் சிறந்த வழி. வைஃபை அப்படித்தான் செய்கிறது: ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் ‘வந்தது’ என்று பதில் வராவிட்டால் மறுபடி அனுப்பும். மறுஅனுப்பு வேண்டாம் என்று நான் யாரிடமும் சொல்லவில்லை.

மூன்று இடங்களில் அது தடுமாறும். பேட்டரியில் ஓடும் பெட்டி பதிலுக்காகக் காது திறந்து காத்திருந்தால் மின்சாரம் வீண். அடுத்து, வாங்குகிறவர் தூரத்தில் இருந்தால் கேட்டு, காத்திருந்து, வாங்குவதற்குள் நேரம் போய்விடும். நேரடிப் பேச்சுக்கும் வீடியோவுக்கும் அது ஆகாது.

மூன்றாவது, பலருக்கு ஒரே சமயத்தில் அனுப்புவது. மூன்று பேருக்கு மூன்று பாக்கெட் அனுப்புகிறோம். ஒருவருக்கு முதலாவது போகவில்லை, இன்னொருவருக்கு இரண்டாவது, அடுத்தவருக்கு மூன்றாவது. திரும்ப அனுப்பினால் மூன்றையும் அனுப்ப வேண்டும். முன்பு சொன்ன கூட்டுத்தொகை ஒன்றை அனுப்பினால் மூன்று பேரும் தத்தம் விடுபட்டதைக் கழித்து எடுத்துக்கொள்வார்கள். யாருக்கு எது போகவில்லை என்று அனுப்புகிறவர் விசாரிக்கவே வேண்டாம். குறிமுறையின் அருமை எனக்கு முழுதாக உறைத்தது இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த அன்றுதான்.

ஒரே பாக்கெட்டை ரெண்டு தடவை அனுப்பிட்டாப் போதாதா? எளிசா இருக்கே.

எளிதுதான், ஆனால் செலவு பிடித்த எளிது. பத்தில் ஒன்று தொலையும் பாதையில் 10 பாக்கெட்டுகளை ஒரே தடவை அனுப்பினால், பத்தும் வந்து சேரும் வாய்ப்பு சுமார் 35 சதவீதம். ஒவ்வொன்றையும் இரண்டு தடவை, மொத்தம் 20 அனுப்பினால் 90 சதவீதம்.

இப்போது குறிமுறை. பத்தோடு 2 கூடுதல் பாக்கெட் சேர்த்து 12 அனுப்பி, ‘எந்தப் பத்து வந்தாலும் போதும்’ என்று அமைத்தால் 89 சதவீதம். 13 அனுப்பினால் கிட்டத்தட்ட 97. 14 அனுப்பினால் 99. இருபது அனுப்பிப் பெற்றதைப் பன்னிரண்டிலேயே ஏறக்குறைய பெற்றுவிட்டோம். இரட்டிப்பாக அனுப்பும்போது ஒவ்வொரு நகலும் தன் ஒரு பாக்கெட்டை மட்டும்தான் காக்கும், கூடுதல் பாக்கெட்டோ பத்தில் எது போனாலும் கைகொடுக்கும்.

ஒரு நிபந்தனை: இந்த எண்கள் ஒவ்வொரு பாக்கெட்டும் தனித்தனியாக, ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் தொலையும் பாதைக்கு. அடுத்த கேள்வி அது பொருந்தாத பாதையைப் பற்றியது.

எங்க தோப்புல மோட்டார் ஸ்டார்ட் ஆகுற நேரம் எல்லாமே மொத்தமாப் போயிருது. கோட் போட்டும் பிரயோஜனம் இல்ல.

கெடுவது அடுத்தடுத்து ஒரே கொத்தாகக் கெட்டால் சிறிய குறிமுறை தோற்றுப்போகும். ஹேமிங் ஏழு பிட்டுக்கு ஒரு தவறைத்தான் தாங்கும். இதற்கு மருந்து, கலைத்து அனுப்புவது.

வைகையாறு, அழகர், யானைமலை, திருமலை. நான்கு சொல், ஒவ்வொன்றிலும் நான்கு எழுத்து. அப்படியே வரிசையாக அனுப்பி நடுவில் நான்கு எழுத்து கொத்தாகப் போனால், அழகர் மொத்தமாகக் காணாமல் போவார். மாறாக, ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி மேலிருந்து கீழாகப் படித்து அனுப்புங்கள்: வை அ யா தி, கை ழ னை ரு, யா க ம ம, று ர் லை லை. இதில் இரண்டாம் கொத்து முழுதும் போனாலும் எதிர்முனையில் அடுக்கிப் பார்த்தால் வை_யாறு, அ_கர், யா_மலை, தி_மலை என்று வரும். ஒவ்வொரு சொல்லிலும் ஒரே எழுத்துதான் குறை. மதுரைக்காரர் யாரும் நிரப்பிவிடுவார்.

விலை என்னவென்றால் தாமதம். நான்கு சொல்லும் வந்து சேரும்வரை முதல் சொல்லைப் படிக்க முடியாது. நீர்மட்டத்துக்குப் பரவாயில்லை, போன் பேச்சுக்கு அளந்துதான் கலைக்க வேண்டும். உங்கள் தோப்பில் மோட்டார் இரைச்சல் இரண்டு விநாடி என்றால், பாக்கெட்டுகளின் இடைவெளியை அதைவிடக் கூடுதலாக வைத்துவிட்டாலே பாதிச் சிக்கல் தீரும்.

லோராவுல கோடிங் ரேட் 4/8 வச்சா எல்லாம் வந்துரும்னு சொன்னாங்க. வச்சேன். வரல.

நானும் வைத்தேன். வாடிப்பட்டிப் பக்கம் ஒரு கண்மாயில் விடியற்காலை அளவுகள் மட்டும் தொலைந்துகொண்டே இருந்தன. 4/5-லிருந்து 4/8-க்கு மாற்றினேன். தொலைவது குறையவில்லை, பேட்டரிதான் சீக்கிரம் இறங்கியது. ஏணி போட்டு ஏறிப் பார்த்தால் ஆண்டெனா மாட்டும் இடத்தில் ரப்பர் வளையம் விலகி, பனி இறங்கி ஈரம் கோத்திருந்தது. வெயில் ஏறியதும் காய்ந்துவிடும். ஆகையால் பகலில் போய்ப் பார்த்த நாளெல்லாம் எல்லாம் சரியாகவே இருந்தது. துடைத்து, டேப் சுற்றி மூடியதும் தீர்ந்தது.

4/5 என்றால் 4 பிட்டுக்கு 5 பிட் அனுப்புவது, 4/8 என்றால் 4-க்கு 8. லோராவில் 4/5, 4/6 இரண்டும் பிழையைக் கண்டுபிடிக்க மட்டும் உதவும். 4/7, 4/8 ஒவ்வொரு சிறு துண்டிலும் ஒரு பிட்டைத் திருத்தும். ஆனால் இதெல்லாம் பாக்கெட் பிடிபட்ட பிறகுதான். பாக்கெட்டின் முகப்புப் பகுதியே கேட்வேக்கு (பெட்டிகள் அனுப்புவதை வாங்கும் நடுப்பெட்டிக்கு) கேட்கவில்லை என்றால் உள்ளே எத்தனை பிட் சேர்த்தும் பயனில்லை. க்யூஆரின் மூலைச் சதுரம் கிழிந்த கதைதான். அந்த இடத்தில் உதவுவது ஸ்ப்ரெடிங் ஃபேக்டரை, அதாவது ஒவ்வொரு குறியையும் எவ்வளவு நீட்டி அனுப்புவது என்ற அளவைக் கூட்டுவது. 7-லிருந்து 12-க்குப் போனால், இரைச்சலுக்கு 20 டெசிபல் கீழே கிடக்கும் சிக்னலைக்கூடப் பிடிக்கும், ஆனால் ஒரு பாக்கெட் காற்றில் இருக்கும் நேரம் பல மடங்காகும்.

முழு பாக்கெட் தொலைவதற்கு, பாக்கெட்டுகளுக்கு இடையே குறிமுறை போட வேண்டும். எங்கள் பெட்டிகள் இப்போது ஒவ்வொரு முறையும் புதிய அளவோடு, முந்தைய அளவுகளைக் கலந்த எக்ஸ்ஓஆரையும் அனுப்புகின்றன. இரண்டு பைட் கூடுதல், அவ்வளவே. லோராவை வைத்து அமைக்கும் லோராவேன் வலையமைப்பில் பெட்டிகளின் மென்பொருளைக் காற்றுவழியே புதுப்பிக்கும் முறையும் துண்டுகளுக்கு இடையே இப்படிக் கூடுதல் துண்டுகளைத்தான் அனுப்புகிறது.

மழை வந்தா டிடிஎச் படக்குன்னு நின்னுருது. பழைய ஆண்டெனாவுல புள்ளி புள்ளியாவாச்சும் படம் தெரியுமே?

கொடைக்கானல் டவரை நோக்கி மாடியில் ஆண்டெனாவைத் திருப்பித் திருப்பிப் படம் பார்த்தவர்களுக்குத்தான் இந்தக் கேள்வி வரும். அது அனலாக், இரைச்சல் கூடக் கூடப் படம் கொஞ்சம் கொஞ்சமாகக் கெடும். டிஜிட்டலில் குறிமுறை தாங்கும் எல்லைவரை ஒரு புள்ளிகூடக் கெடாது, எல்லை தாண்டினால் கட்டம் கட்டமாக உடைந்து நின்றுவிடும். டிடிஎச்சில் பயன்படும் ஒளிபரப்பு முறைகளில் ஒன்றான டிவிபி-எஸ்ஸில் 188 பைட்டுக்கு 16 பைட் ரீட்–சாலமன் சேர்ப்பார்கள். எட்டு பைட் வரை திருத்தும். ஒன்பதாவது பைட் கெட்டால் கைவிட்டுவிடும்.

இப்படி ஓர் எல்லை இருந்தே தீரும் என்று 1948-லேயே கிளாட் ஷானன் நிறுவினார். அலைவரிசையின் அகலம், சிக்னலுக்கும் இரைச்சலுக்கும் உள்ள விகிதம், இரண்டும் சேர்ந்து ஒரு வேகத்தை நிர்ணயிக்கும். அதற்குக் கீழே அனுப்பினால் பிழையை எவ்வளவு வேண்டுமானாலும் குறைக்கும் குறிமுறை ஒன்று உண்டு. மேலே போனால் எந்தக் குறிமுறையாலும் முடியாது. அப்படிப்பட்ட குறிமுறை எது என்று மட்டும் அவர் சொல்லவில்லை. அதைத் தேடித்தான் அடுத்த அறுபது ஆண்டுகள் போயின.

4ஜி, 5ஜில என்ன கோட் போடுறாங்க? வைவாவுல கேப்பாங்க.

4ஜி தரவுக்கு டர்போ கோட், 1993-ல் பிரான்சிலிருந்து வந்தது. 5ஜி தரவுக்கு எல்டிபிசி, கட்டுப்பாட்டுச் செய்திகளுக்குப் போலார் கோட். எல்டிபிசியை ராபர்ட் காலகர் 1960-களின் தொடக்கத்திலேயே எழுதிவிட்டார். அன்றைய கணினிகளுக்கு அது பாரம் அதிகம் என்று முப்பது ஆண்டுகளுக்கு மேல் கிடப்பில் கிடந்தது. போலார் கோட் துருக்கியின் எர்தால் அரிகான் 2009-ல் வெளியிட்டது.

வைவாவில் இன்னொன்றும் கேட்பார்கள்: ஹைப்ரிட் ஏஆர்க்யூ. கெட்டு வந்த பாக்கெட்டைத் தூக்கி எறியாமல் வைத்துக்கொண்டு, மறுபடி வரும் கூடுதல் பிட்டுகளோடு சேர்த்துத் திருத்துவது. திரும்பக் கேட்பதும் குறிமுறையும் எதிரிகள் இல்லை என்பதற்கு உங்கள் சட்டைப்பையில் இருக்கும் போனே சாட்சி.

எத்தனை கூடுதல் பாக்கெட் வேணும்னு முன்னாடியே எப்பிடித் தெரியும்? ஒருநாள் நல்லா வருது, ஒருநாள் பாதி போயிருது.

தெரிய வேண்டாம். அதற்குத்தான் ஊற்றுக் குறிமுறை. வைகை வறண்ட நாட்களில் மணலில் ஊற்றுத் தோண்டிக் குடம் நிரப்பியவர்கள், இது எந்த இடத்து நீர் என்று பார்க்கவில்லை. குடம் நிறைந்ததும் தூக்கிக்கொண்டு போனார்கள். அதே போல அனுப்புகிறவர் கலவைப் பாக்கெட்டுகளைச் சுரந்துகொண்டே இருப்பார். வாங்குகிறவர் போதுமானது வந்ததும் நிறுத்திக்கொள்வார். எது வந்தது என்பது முக்கியமில்லை, எத்தனை வந்தது என்பதுதான் கணக்கு.

மைக்கேல் லூபி 2002-ல் வெளியிட்ட எல்டி கோட் இதன் முதல் நடைமுறை வடிவம். அதன் வழிவந்த ராப்டர்க்யூ இன்னும் கச்சிதம். 100 துண்டு கொண்ட கோப்புக்கு ஏதோ 100 வந்தாலே நூற்றுக்கு 99 தடவை திறந்துவிடும். 102 வந்தால் தோல்வி பத்து லட்சத்தில் ஒன்று என்ற அளவில்.

தண்ணித் தொட்டி மேல ரிப்பீட்டர் வச்சிருக்கோம். அது வாங்கி வாங்கி அனுப்புறதுல கோடிங் எதுவும் செய்யலாமா?

செய்யலாம், அழகான வேலை இது. வீட்டுப் பெட்டி ‘மோட்டாரைப் போடு’ என்று 1011 அனுப்புகிறது. மோட்டார் பெட்டி ‘மூணு ஃபேஸும் இருக்கு’ என்று 0110 அனுப்புகிறது. தொட்டி மேலிருக்கும் ரிப்பீட்டர் ஒவ்வொன்றாக மறுபடி அனுப்பினால் மொத்தம் நான்கு ஒலிபரப்பு. அதற்குப் பதில் இரண்டையும் எக்ஸ்ஓஆர் செய்து 1101 என்று ஒரே ஒரு தடவை அனுப்பினால் மூன்றே போதும். வீட்டுப் பெட்டிக்குத் தான் அனுப்பிய 1011 தெரியும். 1101-ஐ அதோடு எக்ஸ்ஓஆர் செய்தால் 0110 கிடைத்துவிடும். மோட்டார் பெட்டியும் அப்படியே.

கம்பியில் ஒருவருக்குப் போவது ஒருவருக்குத்தான். காற்றில் ஒரு தடவை சொன்னால் இரண்டு பேருக்கும் கேட்கும். வயர்லெஸ்ஸின் அந்தக் குணத்தைக் குறையாகப் பார்க்காமல் வரமாகப் பார்த்த கருத்து இது. நெட்வொர்க் கோடிங் என்ற அடிப்படைக் கருத்து 2000-ல் வந்தது. இதை 20 வயர்லெஸ் கணுக்களில் (பெட்டிகளில்) ஓட்டிக்காட்டிய அமெரிக்க எம்ஐடி குழுவின் ஆய்வு 2006-ல் வந்தது.

ரிப்பீட்டர் நெறைய இருந்தா எதை எதோட கலக்குறது? சீட்டுக் குலுக்கிப் போட்டாச் சரியா வருமா?

வரும் என்பதுதான் ஆச்சரியம். ஒவ்வொரு ரிப்பீட்டரும் தன்னிடம் உள்ள பாக்கெட்டுகளை ஏதோ ஓர் எண்ணால் பெருக்கிக் கூட்டி, அந்த எண்களையும் தலைப்பில் எழுதி அனுப்பும். வாங்குகிறவர் பள்ளியில் போட்ட ஒருங்கமை சமன்பாடுகளைப் போல விடுவிப்பார். பெருக்கும் எண் 0, 1 மட்டும் என்றால், நிறையத் துண்டுகள் இருக்கும்போது, தேவையான அளவே வந்தால் விடை கிடைக்கும் வாய்ப்பு 29 சதவீதம்தான். அதற்கு மேல் ஒன்றிரண்டு கூடுதலாகக் கேட்க வேண்டியிருக்கும். 256 எண்களில் ஒன்றைக் குலுக்கி எடுத்தால் 99.6 சதவீதம்.

ஓர் ஆபத்து உண்டு. கெட்ட பாக்கெட் ஒன்று நடுவில் புகுந்தால், அதைக் கலந்த எல்லாமே கெடும். குடம் பாலில் துளி மோர் விழுந்த கதை. அதனால் ரிப்பீட்டர் கலக்குவதற்கு முன்னால் ஒவ்வொரு பாக்கெட்டின் சோதனை பிட்டுகளையும் பார்த்தே ஆக வேண்டும். வேண்டுமென்றே கெடுப்பவர் இருக்கும் இடத்தில் அது மட்டும் போதாது, அனுப்பியவர் யார் என்று உறுதிசெய்யும் டிஜிட்டல் கையொப்பச் சோதனையும் தேவை.

அழகர் ஆத்துல எறங்குற அன்னிக்கு வைகைக் கரையில போட்டோகூடப் போகமாட்டேங்குது. கோடிங் போட்டா சரியாகுமா?

ஆகாது, இன்னும் மோசமாகும். அன்று தொலைவது இரைச்சலால் இல்லை, நெரிசலால். அத்தனை லட்சம் பேரும் ஒரே சில டவர்களிடம் ஒரே நேரத்தில் இடம் கேட்கிறார்கள். அங்கே ஒவ்வொருவரும் கூடுதல் பாக்கெட் அனுப்பினால் கூட்டம்தான் பெருகும். கூடுதல் டவர், தற்காலிக வண்டி டவர், வேறு அலைவரிசை, இவைதான் தீர்வு. எல்லோருக்கும் ஒரே அறிவிப்பை அனுப்ப வேண்டுமென்றால் மட்டும், பலருக்கு ஒரே சமயத்தில் அனுப்புவதற்கு மேலே சொன்ன முறை அங்கே பெரிய உதவி.

அப்ப என் ப்ராஜெக்டுக்கு எந்தக் கோட் எடுக்கட்டும்? ஒண்ணு மட்டும் சொல்லுங்கக்கா.

முதல் வாரம் எதையும் எடுக்காதீர்கள். ஒவ்வொரு பாக்கெட்டிலும் ஒரு வரிசை எண் போட்டு, மணியோடு குறித்துக்கொண்டே வாருங்கள். பிறகு விடுபட்ட எண்களைப் பாருங்கள். அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தொலைந்தால் பத்துக்கு இரண்டோ மூன்றோ கூடுதல் போதும். கொத்தாகத் தொலைந்தால் கலைத்து அனுப்புங்கள். ஒரே நேரத்தில் தினமும் தொலைந்தால் ஏணியை எடுங்கள். எப்படித் தொலைகிறது என்று தெரியாமல் குறிமுறை தேர்ந்தெடுப்பது, காய்ச்சல் பார்க்காமல் மாத்திரை போடுவது. ப்ராஜெக்ட் அறிக்கையிலும் அந்த ஒரு வாரப் பட்டியலைத்தான் நான் முதலில் கேட்பேன்.

தாயி, பொட்டி தானா மீட்டெடுத்த கணக்குன்னு சொல்றியே, அதை நம்பி மடையத் தொறக்கலாமா?

மேலூர்ப் பக்கம் மடை பார்க்கிற பெரியவர் கேட்டது. மீட்ட எண் ஊகம் இல்லை ஐயா. முந்தியும் பிந்தியும் பார்த்து ‘இவ்வளவு இருக்கும்’ என்று போட்டதில்லை. அனுப்பிய அதே எண், கழித்து எடுத்தது. எடுத்த பிறகும் 16 பிட் சோதனை ஒன்று போடுகிறோம். குப்பை எண் ஒன்று அதைத் தற்செயலாகத் தாண்டிவரும் வாய்ப்பு 65,536-ல் ஒன்று. மீட்க முடியாவிட்டால் போனில் அந்த மணிக்கு நேரே வெறும் கோடு தெரியும், எண் வராது.

ஆனால் குறிமுறை காப்பது அனுப்பிய எண்ணை மட்டும்தான். சென்சாரே தவறாக அளந்தால் அந்தத் தவறும் பத்திரமாக வந்து சேரும். அதனால் மடைச் சுவரில் பெயின்டால் அளவுக்கோடு போட்டிருக்கிறோம். பெரியவர் காலையில் அதைப் பார்த்து நோட்டில் எழுதுகிறார், மாதம் ஒருமுறை இரண்டு கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறோம். போன மாதம் 20 செ.மீ. இடித்தது. சென்சாரின் வாயில் சிலந்தி வலை கட்டியிருந்தது. துடைத்ததும் பெட்டி 138 என்றது, சுவரும் 138 காட்டியது.